புதிய யூனிட்டை எடைபோடுவது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு நிகழ்நேர வியூக விளையாட்டை உருவாக்கி வருகிறோம். எங்கள் சாதாரண வீரனின் விலை 50; அவனுக்கு 50 உயிர்ப்புள்ளிகள்; எதிரிக்கு அவன் கொடுக்கும் அடி நொடிக்கு 5 புள்ளிகள். புதிதாகச் சேர்த்த கவச வீரனுக்கு விலை, உயிர்ப்புள்ளி, அடி மூன்றையுமே இரண்டு மடங்காக்கினோம். ஆனாலும் சோதித்துப் பார்க்கிறவர்கள் எல்லோரும் கவச வீரனைத்தான் வாங்குகிறார்கள். கணக்கில் எங்கே பிசகினோம்?

பதில்: நீங்கள் போட்ட கணக்கு சரியானதுதான், ஆனால் அது வெட்டவெளிக்கு மட்டுமே பொருந்தும். எல்லோரும் எல்லோரையும் ஒரே நேரத்தில் சுடக்கூடிய சண்டையில், வீரர்களின் எண்ணிக்கையை வர்க்கப்படுத்தி, அதை ஒரு வீரனின் உயிர்ப்புள்ளியாலும் அடியாலும் பெருக்கினால் படையின் பலம் கிடைக்கும் என்பது, ஆங்கிலேயப் பொறியாளர் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் 1916-இல் நூலாக வெளியிட்ட இருபடி விதியின் சாரம். 1000 செலவழித்தால் உங்களுக்கு 20 சாதாரண வீரர்கள் கிடைப்பார்கள், அல்லது 10 கவச வீரர்கள் கிடைப்பார்கள். முதல் படையின் பலம் 20×20×50×5, அதாவது 1,00,000. இரண்டாவதன் பலம் 10×10×100×10, அதுவும் 1,00,000. இதுவரை சமம்தான்.

இப்போது அதே இரு படைகளையும் ஐந்து பேர் மட்டுமே ஒரு நேரத்தில் நின்று போரிடக்கூடிய குறுகலான கணவாயில் மோதவிட்டுப் பாருங்கள். சாதாரண வீரர்களில் பதினைந்து பேர் பின்னால் வெறுமனே காத்திருக்க, முன்வரிசையில் ஐந்துக்கு ஐந்து என்று நடக்கும் சண்டையில் கவச வீரர்களே ஓங்கி நிற்பார்கள். பாதி அடிபட்ட கவச வீரன் முழு வலுவோடு தாக்கிக்கொண்டிருப்பதும், அவனைப் பின்னுக்கு இழுத்துக் குணப்படுத்தி மறுபடியும் களமிறக்க முடிவதும் அவனுக்குச் சாதகமானவை; அதே அளவு அடிக்கு ஒரு சாதாரண வீரன் செத்தே போயிருப்பான். ஆயினும் என் சந்தேகம் முதலில் விழுவது படை வரம்பின் மீதுதான். உங்கள் விளையாட்டில் 200 பேர் என்று வரம்பு வைத்து, இரு வகையினரும் ஆளுக்கு ஓர் இடம்தான் பிடிக்கிறார்கள் என்றால், பணம் சேர்ந்துவிட்ட பிறகு 200 கவச வீரர்களின் படை 200 சாதாரண வீரர்களின் படையைவிட நான்கு மடங்கு பலமுள்ளதாகிவிடும். அந்தக் கட்டத்தில் மலிவான வீரனை வாங்க ஒருவருக்கும் காரணமே இருக்காது. கவச வீரன் இரண்டு இடம் பிடிக்கும்படி மாற்றிவிட்டு, வெட்டவெளி, கணவாய், ஆட்டத்தின் தொடக்கத்தில் இரண்டு சாதாரண வீரர்களுக்கு ஒரு கவச வீரன், முடிவில் வரம்பு நிறைந்த படைகள் என்று நான்கு நிலைகளிலும் தனித்தனியாக மோதவிட்டுப் பாருங்கள். நான்கிலும் ஒரே பக்கம் வென்றால் வடிவமைப்பில் பிழை இருக்கிறது. இடத்துக்கு இடம் முடிவு மாறினால், ஆட்டக்காரர் யோசித்து வாங்க வேண்டிய ஒரு யூனிட் உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

கேள்வி: வெளியான விளையாட்டில் செய்யும் திருத்தங்களைப் பட்டியலிடும் பேட்ச் குறிப்புகளில் ஒரு யூனிட்டின் அடியை ஒரே ஒரு புள்ளி குறைத்தோம் என்று எழுதுகிறார்கள். ஒரு புள்ளியில் என்ன ஆகிவிடப் போகிறது?

பதில்: அந்த ஒரு புள்ளி எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது. புரோட்டாஸ், டெர்ரன், ஸெர்க் என்ற மூன்று தரப்புகள் மோதும் நிகழ்நேர வியூக விளையாட்டான ஸ்டார்கிராஃப்ட் 2-இல், புரோட்டாஸ் தரப்பின் அடெப்ட் என்ற யூனிட், லேசான வகை யூனிட்டுகளை அடிப்படை 10, கூடுதல் 13 என மொத்தம் 23 வலுவோடு தாக்கி வந்தது. டெர்ரன் தரப்பின் சாதாரண வீரனான மரைனுக்கும் தொழிலாளியான எஸ்சிவிக்கும் உயிர்ப்புள்ளி 45. இரண்டு அடி விழுந்தால் 46, கதை முடிந்தது. 2016 ஜனவரியில் அந்தக் கூடுதலை 12 ஆக்கினார்கள். இரண்டு அடிக்கு 44 தான் ஆகிறது என்பதால் மூன்றாவது அடி தேவைப்பட்டது. நூற்றுக்கு ஐந்து கூடத் தேறாத குறைப்பு, கொல்வதற்கு ஆகும் நேரத்தை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்கிவிட்டது. அதே வேளையில் 40 புள்ளிகள் கொண்ட புரோப், டிரோன் ஆகிய மற்றத் தரப்புத் தொழிலாளிகளை வீழ்த்த முன்போலவே இரண்டு அடியே போதுமானதாக இருந்ததால், டெர்ரனுக்கு எதிரான ஆட்டம் மட்டுமே மாறியது. இவ்வளவு கச்சிதமான திருத்தத்தைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி உண்டாகிறது. உங்கள் யூனிட்டுகளுக்கும் யார் யாரை எத்தனை அடியில் வீழ்த்துகிறார் என்று ஓர் அட்டவணை போட்டு வைத்துக்கொண்டு, அதன் பிறகு எண்களைத் தொடுங்கள்.

கேள்வி: சோதனையில் 100 ஆட்டங்களில் 55-ஐப் புதிய யூனிட் உள்ள தரப்பு வென்றது. உடனே அதைப் பலவீனப்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். சரிசமமான இரு தரப்புகள் மோதினாலும் 100 ஆட்டங்களில் ஐந்து ஆட்டங்கள் இப்படியோ அப்படியோ விலகுவது இயல்பு. 400 ஆட்டங்களிலும் இதே 55 விழுக்காடு நிலைத்தால் கவலைப்படலாம். அவசரத் திருத்தத்தின் விளைவு வேறிடத்தில் போய் முளைக்கும். அதே ஸ்டார்கிராஃப்ட் 2-இல் 2012 மே மாதத்தில், தொடக்கத் தாக்குதல்களைச் சமாளிக்கட்டும் என்று ஸெர்க் தரப்பின் ராணி என்ற யூனிட் தரையிலுள்ளவர்களைத் தாக்கும் தூரத்தை 3-லிருந்து 5 ஆக உயர்த்தினார்கள். ஸெர்க் ஆட்டக்காரர்கள் அந்தப் பாதுகாப்பில் நிம்மதியாகப் பொருளாதாரத்தை வளர்த்துக்கொண்டு, இன்ஃபெஸ்டர், புரூட் லார்ட் என்ற தங்கள் வலிமையான யூனிட்டுகள் சேர்ந்த இறுதிப் படையை எளிதாக எட்டினார்கள்; அந்த ஆண்டின் எஞ்சிய மாதங்களில் மற்றத் தரப்பினர் பெரிதும் திணறியது அந்தப் படைக்கு எதிராகத்தான்.

கேள்வி: வெற்றி விகிதம் சமமாக இருந்தும் ஒரு யூனிட்டை எல்லோரும் வெறுக்கிறார்கள் என்றால் அதை நீக்க வேண்டுமா?

பதில்: அந்த வெறுப்புக்கு நான் வெற்றி விகிதத்தைவிடக் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். ஸ்டார்கிராஃப்ட் 2-இன் விரிவாக்கத் தொகுப்பான ஹார்ட் ஆஃப் த ஸ்வார்ம் 2013-இல் வெளியானபோது வந்த ஸெர்க் யூனிட்டான ஸ்வார்ம் ஹோஸ்ட், மண்ணுக்குள் புதைந்து கொண்டு, சில நொடிகளே உயிர்வாழும் லோகஸ்ட் என்ற சிறு உயிரிகளைக் காசில்லாமல் அலையலையாக அனுப்பியது. எதிராளி ஒவ்வொரு அலையிலும் எதையாவது இழக்க, அனுப்பியவருக்கு இழப்பே கிடையாது. முன்னேறித் தாக்கவோ பின்வாங்கவோ இருவருக்குமே காரணம் இல்லாமல், சில ஆட்டங்கள் மணிக்கணக்கில் இழுத்தன. 2015-இல் அதை ஏறக்குறைய புதிதாகவே வடிவமைக்க வேண்டி வந்தது. அதே தொகுப்புக்குத் திட்டமிடப்பட்ட வார்ஹவுண்ட் என்ற டெர்ரன் யூனிட்டை, வெளியீட்டுக்கு முந்தைய 2012 பீட்டா சோதனையின்போதே எடுத்துவிட்டார்கள். கூட்டமாகச் சேர்த்து முன்னே அனுப்பினாலே போதும் என்றிருந்த அதன் வலுவைக் குறைத்திருக்கலாம்தான், ஆனால் குறைத்த பிறகும் ஆட்டக்காரருக்கு அதில் செய்வதற்கு எதுவும் இருந்திருக்காது. ஆகவே நீக்குவதற்கு முன் உங்கள் சோதனையாளர்களிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: அந்த யூனிட்டைக் கையாளும்போது எந்த முடிவை எடுக்கத் தயங்கினீர்கள்? எதிரே அது வருவதைப் பார்த்ததும் எதை மாற்றிச் செய்தீர்கள்? முதல் கேள்விக்குப் பதில் வந்து இரண்டாவதற்கு வராவிட்டால், எதிராளிக்கு ஒரு மறுமொழியை உருவாக்கிக் கொடுங்கள். இரண்டுக்குமே பதில் வராவிட்டால் நீக்கிவிடுங்கள்.