கிரைண்ட்ஹவுஸ் டிஸ்க் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஓடும் நேரத்தைப் பாருங்கள்

ஒரே படத்தைப் பற்றிய கேள்விகள் சில சேர்ந்துவிட்டதால் இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில். ராபர்ட் ரொட்ரிகெஸும் குவென்டின் டாரன்டினோவும் ஆளுக்கொரு படம் எடுத்து, ஒரே டிக்கெட்டில் இரண்டு படமாக 2007 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவில் வெளியிட்ட கிரைண்ட்ஹவுஸ்தான் அது.

கேள்வி: இந்தப் படத்தைத் தேடினால் பிளானட் டெரர் தனியாக, டெத் ப்ரூஃப் தனியாக, இரண்டும் சேர்ந்து ஒன்று என மூன்று விதமாக வருகிறது. தனித்தனியாக வாங்கினால் நீளம் அதிகம், விலையும் குறைவு. எதை வாங்கலாம்? (கோவை வாசகர்)

சேர்ந்து வருவதையே வாங்குங்கள். இரண்டு படத்தையும் ஒரு பெட்டிக்குள் போட்டு, இரண்டுமே 'நீட்டிக்கப்பட்ட பதிப்பு' என்று சொல்லி விற்பதும் உண்டு. அது நீங்கள் தேடுவது இல்லை. நீங்கள் தேடுவது தியேட்டரில் ஓடிய 191 நிமிடப் பதிப்பு. எந்தக் கடையில் பார்த்தாலும் முதலில் இந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள், அட்டைப்படத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தப் படத்தின் விஷயமே ஒரு தியேட்டர் அனுபவம்தான். எழுபதுகளில் நியூயார்க்கின் 42வது தெரு மாதிரியான இடங்களில் இருந்த, கிரைண்ட்ஹவுஸ் எனப்பட்ட மலிவான தியேட்டர்களில் ரத்தம், கார் துரத்தல், பேய், கவர்ச்சி என்று குறைந்த செலவில் எடுத்த படங்களை இரண்டிரண்டாகப் போடுவார்கள். ஒரே பிரதி ஊர் ஊராகச் சுற்றி, கீறல் விழுந்து, நிறம் வெளுத்து, சில சமயம் ஒரு ரீலே காணாமல் போய் வந்து சேரும். நடுநடுவே டிரெய்லர்கள் ஓடும். அந்த மாலைப் பொழுதை அப்படியே திரும்பக் கட்டுவதுதான் இந்த இருவரின் எண்ணம். முதலில் மசேட்டி என்ற இல்லாத படத்துக்கு ஒரு டிரெய்லர், பிறகு ரொட்ரிகெஸின் ஜோம்பி படமான பிளானட் டெரர், இடைவெளியில் ராப் ஜோம்பி, எட்கர் ரைட், ஈலை ராத் மூவரும் எடுத்த மூன்று பொய் டிரெய்லர்கள், அப்புறம் டாரன்டினோவின் டெத் ப்ரூஃப்.

2007 இலையுதிர் காலத்தில் அமெரிக்காவில் டிவிடி வந்தபோது இதைப் பிரித்துவிட்டார்கள். பிளானட் டெரர் 105 நிமிடம், டெத் ப்ரூஃப் 114 நிமிடம். கூட்டிப் பார்த்தால் 191ஐ விட 28 நிமிடம் அதிகம், அதனால் இதுதான் லாபம் என்று தோன்றும். ஆனால் நடுவில் வந்த மூன்று டிரெய்லர்களும் அதில் கிடையாது, மசேட்டி மட்டும் இருக்கும். அந்த மூன்றும் அமெரிக்காவில் முழுப் படத்தோடு ப்ளூ-ரேயில் வர 2010 அக்டோபர் வரை ஆனது.

நீளத்தைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். டெத் ப்ரூஃபின் தியேட்டர் பதிப்பில் ஒரு பெண் நடனமாடத் தொடங்கும் நேரத்தில் 'ரீல் காணவில்லை' என்று அட்டை வந்து காட்சி தாவிவிடும். ஏமாந்த பார்வையாளர்கள் சத்தம் போட வேண்டிய இடம் அது. நீண்ட பதிப்பில் அந்த நடனம் முழுதாக இருக்கிறது, ஆனால் அந்த ஏமாற்றம் போய்விட்டது. முதல் பாதியின் பேச்சுக் காட்சிகளும் நீண்ட பதிப்பில் தளர்வாகவே இருக்கின்றன. அதே சமயம் 2007 கான் திரைப்பட விழாவில் போட்டிப் பிரிவில் காட்டியது இந்த நீண்ட பதிப்பைத்தான், அதில் மட்டும் வரும் கருப்பு வெள்ளைப் பகுதியும் அழகானது. எனவே முதலில் 191, மனதுக்குப் பிடித்தால் இரண்டாவதாக டெத் ப்ரூஃப் தனி டிஸ்க். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கேள்வி: டிஸ்க்கைப் போட்டால் கோடு கோடாகக் கீறல், நடுவில் பிலிம் எரிகிற மாதிரி ஆகிறது, கதை ஒரு இடத்தில் மொத்தமாகத் தாவுகிறது. திருப்பி அனுப்பலாமா? (திருச்சி வாசகர்)

அனுப்பாதீர்கள், டிஸ்க் நன்றாக இருக்கிறது! நீங்கள் சொல்கிற மூன்றும் வேண்டுமென்றே செய்தவை. ரொட்ரிகெஸ் தன் படத்தை டிஜிட்டலில் எடுத்து, கீறலையும் கறையையும் பிறகு கணினியில் சேர்த்தார். டாரன்டினோ பிலிமில் எடுத்தார், ஒளிப்பதிவும் அவரே. பிளானட் டெரரில் காதல் காட்சி சூடுபிடிக்கும்போது பிலிம் எரிந்து ரீல் காணாமல் போகும், திரும்பி வரும்போது அந்த உணவகமே தீப்பிடித்து எரிந்துகொண்டிருக்கும், நடுவில் என்ன நடந்தது என்று யாரும் விளக்க மாட்டார்கள். டெத் ப்ரூஃப் தொடங்கும்போது வேறு ஒரு படத்தின் பெயர் கண் இமைக்கும் நேரம் வந்து, சட்டென்று சாதா எழுத்தில் 'டெத் ப்ரூஃப்' என்று மாறும். பழைய படத்தையே பெயர் மாற்றி மறுபடி விற்கும் அந்தக் கால விநியோகஸ்தர்களின் வழக்கம் அது, உங்களுக்குத் தவறான படம் வந்துவிடவில்லை. இரண்டாம் பாதியில் கீறல் எல்லாம் மறைந்து படம் பளிச்சென்று ஆவதும் அப்படித்தான்.

உண்மையான கோளாறு வேறு மாதிரி இருக்கும். படம் சதுரம் சதுரமாக உடையும், உறைந்து நிற்கும், வாயசைவும் ஒலியும் விலகும், பிளேயர் டிஸ்க்கையே படிக்காமல் திணறும். இப்படி ஏதாவது இருந்தால் வேறொரு பிளேயரில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் அதே இடத்தில் நின்றால் தயங்காமல் திருப்பிக் கேளுங்கள். இந்தியாவில் இணையக் கடையில் வாங்கியிருந்தால், பொருள் பழுதாக இருந்தாலோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லை என்றாலோ விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் இணைய வணிக விதிகள் சொல்கின்றன. 191 நிமிடம் என்று போட்டுவிட்டு தனிப் படத்தை அனுப்பினாலும் இது பொருந்தும். கேட்டும் நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆர்டர் செய்யும்போதே விற்பனைப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அவர்கள் விவரத்தை மாற்றிவிட்டால் உங்கள் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

இன்னொன்று. டிவியில் இரைச்சல் நீக்கம், அசைவை வழவழப்பாக்கும் வசதி இரண்டையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். சில டிவிகள் கீறலைக் குறை என்று நினைத்துத் துடைக்கப் பார்க்கும், அதில் முகங்கள் மெழுகு மாதிரி ஆகிவிடும். கீறலே வேண்டாம் என்பவர்களுக்காக பிளானட் டெரரின் தனி ப்ளூ-ரேயில் கீறல் இல்லாத பதிப்பும் உண்டு. ஒரு முறை ஒப்பிட்டுப் பார்க்கலாம், ஆனால் முதல் முறை அதில் பார்க்காதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் ஊருக்கு வரும்போது ப்ளூ-ரே வாங்கி வருகிறேன் என்கிறார். சென்னையில் என் பிளேயரில் ஓடுமா?

ஓடாமல் போக வாய்ப்பு அதிகம். ப்ளூ-ரேக்கு உலகத்தை மூன்று மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்கா, கனடா, ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா எல்லாம் ஏ. ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் பி. இந்தியா, இலங்கை சி. எல்லா டிஸ்க்கும் பூட்டப்பட்டிருக்காது, ஆனால் பூட்டிய டிஸ்க் வேறு மண்டலத்துப் பிளேயரில் ஓடாது, கேம் கன்சோலிலும் இதே கதைதான். டிவிடி பிளேயர் பலவற்றில் ரிமோட்டில் ஒரு எண்ணைத் தட்டி மண்டலத்தைத் திறந்துவிடலாம், ப்ளூ-ரேயில் அது அவ்வளவு சுலபம் இல்லை. எனவே அண்ணனிடம் டிஸ்க் சொல்வதற்கு முன் உங்கள் பிளேயரின் பின்பக்கத்தில் என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். நிறைய வெளிநாட்டு டிஸ்க் வாங்குகிறவர் என்றால் எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் ஒன்றை வாங்குவதுதான் கடைசியில் மலிவு. இந்த ஒரு படத்துக்காக மட்டும் என்றால் அந்தச் செலவு வேண்டாம்.

கேள்வி: பிரிட்டன் டிவிடியில் டெத் ப்ரூஃப் 109 நிமிடம் என்று இருக்கிறது. ஐந்து நிமிடத்தை வெட்டிவிட்டார்களா?

இல்லை. சினிமா வினாடிக்கு 24 பிரேம். ஐரோப்பாவின் பழைய டிவிடி முறையில் அதை 25 ஆக ஓட்டுவார்கள். 114 நிமிடப் படம் அந்த வேகத்தில் 109 நிமிடத்தில் முடிந்துவிடும், குரல்கள் மட்டும் ஒரு துளி உயர்ந்து கேட்கும். ப்ளூ-ரேயில் இந்த வித்தியாசம் வராது. பழைய டிவிடிகளில் ஓடும் நேரத்தை வைத்து 'வெட்டிய பதிப்பு' என்று முடிவு கட்டும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஜப்பானில் வந்த ஆறு டிஸ்க் பெட்டியை ஒருவர் பெரிய விலைக்கு விற்கிறார். வாங்கலாமா?

2008இல் வந்தபோது அது பொக்கிஷம்தான், ஏனென்றால் தியேட்டர் பதிப்பு அப்போது அதில் இருந்தது, அமெரிக்க டிவிடியில் இல்லை. ஆனால் அது டிவிடி, ஜப்பானின் 2ஆம் மண்டலம் (டிவிடி மண்டலங்களுக்கு எழுத்து இல்லை, எண்தான்). 2010 ப்ளூ-ரேயில் அதே பதிப்பு இன்னும் தெளிவாக இருக்கும்போது, பெட்டியின் மேல் ஆசை இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

அடுத்தது போலி. டிஸ்க்கின் அடிப்பக்கம் ஆலையில் அச்சடித்தது மாதிரி வெள்ளியாக இல்லாமல் நிறம் ஏறியிருந்தால் வீட்டில் எழுதிய டிஸ்க்கா என்று சந்தேகப்படுங்கள். பழைய டிஸ்க் விற்கிறவரிடம் பெட்டிப் படம் மட்டும் வாங்காமல் அடிப்பக்கப் படமும் கேளுங்கள், தர மறுத்தால் அடுத்தவரைப் பாருங்கள்.

கேள்வி: டிஸ்க்கே வேண்டாம், டிஜிட்டலில் 'வாங்கு' பட்டனை அழுத்தினால் போதாதா?

போதும், நேரம் 3 மணி 11 நிமிடம் என்று காட்டினால். பல நாடுகளில் இது ஆரம்பத்திலிருந்தே இரண்டு தனிப் படமாகத்தான் வெளியானது, ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் என்ற பழக்கம் அங்கே தெரியாது என்பது காரணம். அமெரிக்காவிலேயே முதல் படம் முடிந்ததும் எழுந்து போனவர்கள் இருந்தார்கள் என்று அப்போது செய்தி வந்தது. அதனால் இணையத்திலும் தனிப் படங்கள் கண்ணில் பட்டால் ஆச்சரியமில்லை. டிஜிட்டலில் நீங்கள் வாங்குவது பார்க்கும் உரிமையைத்தான், கடைக்காரரின் உரிமம் முடிந்தால் அது கைவிட்டுப் போகலாம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி நான்கைந்து வடிவத்தில் சிதறிக் கிடக்கும் படத்துக்கு நான் டிஸ்க்கையே விரும்புகிறேன்.

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா?

வேண்டாம். அமெரிக்காவிலேயே ஆர் சான்றிதழ் (17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையோடு மட்டும்), வன்முறையும் பாலியல் காட்சிகளும் கடுமையானவை. டிரெய்லர்களும் அப்படியே, அதைத் தனியாகப் போட்டுக் காட்டலாம் என்றும் நினைக்காதீர்கள்.

கேள்வி: அந்தப் பொய் டிரெய்லர்கள் நிஜப் படமாகவும் வந்ததாமே, அவற்றையும் சேர்த்து வாங்கலாமா?

மூன்று வந்தன. மசேட்டி 2010இல். கனடா தியேட்டர்களில் சேர்த்துக் காட்டிய 'ஹோபோ வித் எ ஷாட்கன்', பொய் டிரெய்லர் போட்டி ஒன்றில் வென்றது அது, 2011இல் படமானது. ஈலை ராத்தின் 'தேங்க்ஸ்கிவிங்' 2023இல். மசேட்டியை வாங்குங்கள், டேனி டிரேஹோ என்ற துணை நடிகர் இத்தனை வருடம் கழித்துக் கதாநாயகனாக நிற்பதைப் பார்ப்பதே சந்தோஷம். ஹோபோ கையில் காசு மிச்சம் இருந்தால். தேங்க்ஸ்கிவிங் ஒழுங்கான, பளபளப்பான திகில் படம், பழைய பிரதியின் அழுக்கு அதில் இல்லை, எனவே வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.