கோச்சின் ஜிபேயும் சிங்கப்பூர் பணமும்

கேள்வி: எங்கள் ஊரில் 60 பிள்ளைகளுக்கு மாலையில் வாலிபால் பயிற்சி தருகிறோம், மே மாதம் சுற்றுவட்டாரக் கிராமங்களைச் சேர்த்து லீக் போட்டி. லாப நோக்கமில்லாத சங்கமாகப் பதிவு செய்திருக்கிறோம். மாதச் சந்தா 200 ரூபாய் கோச்சின் ஜிபே எண்ணுக்கு வருகிறது. சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் 1 லட்சம் ரூபாய் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
– ஒரு வாசகர், தேனி மாவட்டம்

பதில்: சிங்கப்பூர் பணம் இருக்கட்டும், முதலில் கோச்சைக் காப்பாற்றுங்கள். வருடத்துக்கு 1,44,000 ரூபாய் அவர் சொந்தக் கணக்கில் விழுகிறது. அவர் தங்கமான மனிதராகவே இருக்கலாம். நாளைக்கு வருமான வரித்துறை கேட்டாலும், ‘கோச் புது பைக் வாங்கியிருக்காராமே’ என்று ஊரில் யாராவது கிளப்பிவிட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். சங்கத்தின் பெயரில் பான் கார்டு எடுங்கள். பதிவுச் சான்றிதழ், துணைவிதிகள், செயற்குழுத் தீர்மானத்தின் நகல் எல்லாம் கொண்டுபோய், தலைவரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்கிற மாதிரி வங்கிக் கணக்குத் தொடங்குங்கள். க்யூஆர் கோடும் அந்தக் கணக்குக்கே. நெட், பந்து வாங்கிய பில்லை யாரும் தொலைப்பதில்லை. நடுவர் பேட்டா, மைக் செட், கோடு போடும் சுண்ணாம்பு, இதில்தான் கணக்கு உதைக்கும். பில் தராதவரிடம் வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, சிங்கப்பூர்க்காரர். கூச்சப்படாமல் கேளுங்கள்: கையில் எந்த நாட்டு பாஸ்போர்ட்? இந்திய பாஸ்போர்ட் என்றால், தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாகத் தாராளமாக அனுப்பலாம். பாஸ்போர்ட் நகலை ஃபைலில் வையுங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டையைக் காட்டினாலும் இதே கதைதான். அந்தப் பதிவு கிடைக்க, சங்கத்துக்கு 3 வயதாவது ஆகியிருக்க வேண்டும். அந்த 3 வருடத்தில் 15 லட்சம் ரூபாயாவது செலவு செய்திருக்க வேண்டும். பணம் முதலில் வந்து சேர வேண்டியதோ டெல்லி ஸ்டேட் பேங்க் பிரதான கிளைக்கு. தேனியில் வாலிபால் நெட் வாங்க இத்தனை சுற்றா என்பீர்கள். சட்டம் அப்படி. ‘அம்மா கணக்குக்கு அனுப்பி அவங்க கையால தரச் சொல்றேன்’ என்பார், அதற்கும் தலையாட்டாதீர்கள்.

உள்ளூர்க் கடைக்காரர்கள் நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை பெற உதவும் 80ஜி ரசீது கேட்டால், அதற்குத் தனிப் பதிவு வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் வரிச்சலுகை கிடையாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், வரவு செலவை மைதானத்துப் போர்டில் ஒட்டுங்கள். சந்தா பாக்கி வைத்திருக்கும் பிள்ளைகளின் பெயரை மட்டும் ஒட்டாதீர்கள்.