சொட் வாங்குவதற்கு முன் ஒரு பேணி எடுங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. ஒன்ராறியோ ஏஜாக்ஸில் வீடு வாங்கி ஏழு வருடம். முன்வளவில் ஏறக்குறைய 600 சதுர அடிப் புல். யூன் முடியும்வரை நல்ல பச்சையாக நின்றது. யூலை இரண்டாம் கிழமை டிரைவ்வே ஓரமாகச் சில மஞ்சள் திட்டுகள் விழுந்தன. இப்போது கால்வாசிப் புல் வைக்கோல் நிறம். ஒவ்வொரு நாளும் பின்னேரம் 15 நிமிடம் தண்ணி விடுகிறேன், பலனில்லை. புல் வெட்ட வருபவர், "இது வெள்ளைப்புழு, மருந்தடித்து, பழையதைக் கிளறி எறிந்துவிட்டு சொட் (சுருட்டி விற்கும் புல்விரிப்பு) போடவேண்டும்" என்று பெரிய தொகை கேட்கிறார். புழுவுக்கு எந்த மருந்து நல்லது? சொட்டை இந்த மாதமே போடலாமா? பின்வளவில் பிள்ளைகள் பந்தடிக்கிற இடமும் வெறும் மண்ணாகிவிட்டது.

பதில்: மருந்துக் கதையை முதலில் விடுங்கள். இது புழுவாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒன்ராறியோவில் புல்வேரைத் தின்னும் வெள்ளைப்புழு பெரும்பாலும் இரண்டு வண்டுகளின் குஞ்சுகள்: ஐரோப்பிய சேபர் வண்டு, யப்பானிய வண்டு. போன வருடத்துப் புழுக்கள் கோடை தொடங்கும்போதே தின்பதை நிறுத்திக் கூட்டுப்புழுவாகி, வண்டாகப் பறந்துவிடும். அடுத்த தலைமுறை யூலைக் கடைசி, ஓகஸ்ட் தொடக்கத்தில்தான் முட்டையை விட்டு வெளியே வரும். அவை புல்லைச் சாய்க்கிற காலம் செப்ரெம்பர், ஒக்ரோபர், பிறகு பனி கரைந்த ஏப்ரல். அந்த நேரத்தில் ஸ்கங்கும் ரக்கூனும் இரவில் புழு தேடி வந்து புல்லைப் புரட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். யூலை நடுவில் விழுந்த திட்டுக்குப் புழுமேல் பழிபோட முடியாது. காய்ந்த இடத்தைக் கையால் பிடித்து இழுத்துப் பாருங்கள். வேர் அறுந்து பாய்போலச் சுருண்டு வந்தால் புழு என்று ஒத்துக்கொள்கிறேன்.

என் சந்தேகம் புல்லின் சாற்றை உறிஞ்சுகிற சிஞ்ச் பூச்சியில். வெயில் படும் இடம், டிரைவ்வே ஓரத்துச் சூடு, யூலை மாதம், தண்ணி விட்டும் பச்சை திரும்பாதது, எல்லாம் அதற்குத்தான் பொருந்துகிறது. ஒரு பழைய மாப்பேணியின் இரண்டு பக்கத்தையும் வெட்டி எடுங்கள். மஞ்சளும் பச்சையும் சந்திக்கிற விளிம்பில் மண்ணுக்குள் இரண்டு அங்குலம் அமர்த்தித் தண்ணி நிரப்புங்கள். நடுத்திட்டில் வைக்க வேண்டாம், அங்கே சாறு முடிந்து பூச்சி எப்போதோ நகர்ந்திருக்கும். தண்ணி இறங்க இறங்க மேலும் ஊற்றிக்கொண்டு பத்து நிமிடம் பொறுங்கள். மூன்று, நான்கு மில்லிமீற்றர் நீளத்தில் கறுப்பு உடம்பும் வெள்ளைச் செட்டையுமாக மிதப்பவை பெரியவை. செம்மஞ்சள் உடம்பில் குறுக்கே வெள்ளைக் கோடு போட்டவை குஞ்சுகள். ஒன்றிரண்டு எந்தப் புல்லிலும் இருக்கும். கூட்டமாக மிதந்தால் ஆள் பிடிபட்டுவிட்டார்.

பேணியில் ஒன்றுமே மிதக்காவிட்டால் அது வெறும் கோடைத் தூக்கம். புளூகிராஸ் என்ற புல்வகை வெயிலுக்குப் பழுப்பாகி நான்கு, ஐந்து கிழமை படுத்துக் கிடந்துவிட்டு, குளிர்ந்ததும் எழும்பும். அதற்காக யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

இனி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: அந்த இடத்தில் எந்தப் புல்லைத் திரும்ப வளர்ப்பது? இங்கே சுருட்டி விற்கும் சொட் பெரும்பாலும் கென்ரக்கி புளூகிராஸ். சிஞ்ச் பூச்சிக்கு மிகவும் பிடித்த சாப்பாடும் அதுதான். அப்படியானால் அந்தப் பெரிய தொகை எதற்கு? பூச்சிக்குப் புதுச் சோறு போடவா? அதுவும் யூலை வெயிலில், வேரில்லாத புல்லை விரித்து, நாளுக்கு இரண்டுதரம் தண்ணி ஊற்றிக்கொண்டு? சொட்டை நான் முழுக்க வெறுப்பவன் அல்ல. சரிவில் மண் அரிக்கிற இடத்துக்கு நல்லது. உங்கள் முன்வளவுக்கு அல்ல.

ரோல் பெஸ்கியூ, பெரெனியல் ரைகிராஸ் ஆகிய புல்வகைகளின் பல ரகங்களில் என்டோபைற் என்ற பூஞ்சணம் இலைக்குள்ளேயே குடியிருக்கிறது. புல்லுக்கு அதனால் கெடுதல் இல்லை. அது சுரக்கும் கசப்புப் பொருட்களால் சிஞ்ச் பூச்சி அந்தப் புல்லில் பெருகுவதில்லை. மருந்து விதையோடு சேர்ந்து வருகிறது, வருடாவருடம் யாரும் அடிக்கத் தேவையில்லை. புளூகிராஸில் இந்தப் பூஞ்சணம் இயல்பாக இல்லை. மண்ணுக்குள் இருக்கும் புழுவுக்கும் இது பெரிதாக வேலை செய்யாது என்பதையும் சொல்லிவைக்கிறேன். இதே பொருட்கள் ஆடுமாட்டுக்கு ஆகாது. நியூசிலாந்தில் ரைகிராஸ் மேய்ந்த ஆடுகள் தள்ளாடி விழுவது இதனால்தான். ஆகவே வெட்டிய புல்லை, முயல் வளர்க்கிற சொந்தக்காரருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிடாதீர்கள்.

சிக்கல் விதை வாங்கும் இடத்தில் இருக்கிறது. விதை சாவதற்கு முன்பே உள்ளிருக்கும் பூஞ்சணம் செத்துவிடும். சூடான களஞ்சியத்தில் ஒரு கோடை முழுக்கக் கிடந்த பொதி நன்றாக முளைக்கும், ஆனால் உள்ளே குடியிருந்தவர் இருக்கமாட்டார். அரைவிலைக்குப் போட்டிருக்கிறார்கள் என்று போன வருடத்துப் பொதியைத் தூக்கி வராதீர்கள். பெரிய கடைகளில் பச்சையும் நீலமுமாகப் பூச்சுப் பூசிய விதையில் பாதி எடை பூச்சுத்தான் என்பது பொதியின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். முன்பக்கப் படத்தைப் பார்த்து விதை வாங்குகிறவரைக் கடைக்காரர் ஏமாற்றத் தேவையில்லை, அவரே ஏமாந்துவிடுகிறார். கோல்ப் மைதானங்களுக்கு விதை கொடுக்கும் கடையைத் தேடிப் போய், "இந்த ரகத்தில் உயிருள்ள என்டோபைற் இருக்கிறதா? எப்போது வந்த விதை?" என்று கேளுங்கள். விழித்தால் அடுத்த கடை. கலவையில் எடைப்படி ரோல் பெஸ்கியூ 90, படர்ந்து ஓட்டையை மூடுவதற்குப் புளூகிராஸ் 10 வீதம் போதும். பத்து வீதம் குறைவென்று நினைக்க வேண்டாம், புளூகிராஸ் விதை அவ்வளவு நுண்ணியது. வெறுமையான இடத்துக்கு 100 சதுர மீற்றருக்கு மூன்று, நான்கு கிலோ. உங்கள் முன்வளவு முழுவதற்குமே இரண்டு கிலோ தாராளம்.

விதைக்கிற நாள் ஓகஸ்ட் 20க்கும் செப்ரெம்பர் நடுப்பகுதிக்கும் இடையில். மண் சூடாகவும் காற்றுக் குளிராகவும் இருக்கிற காலம் அதுதான். மே மாதம் விதைத்தால் கிராப்கிராஸ் களையும் சேர்ந்து முளைக்கும், வேர் இறங்குமுன் யூலை வந்துவிடும். கோர் ஏரேற்றர் மெசினை ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுத்துத் துளை போட்டபின் விதையுங்கள். புதுக் குடியிருப்புகளில் வீடு கட்டுகிறவர்கள் களிமண்ணை இறுக்கிவிட்டு மேலே சொற்ப மண்தான் தூவிவிட்டுப் போவார்கள். முளைக்கும்வரை மேல்மண் காயாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணி. பிறகு கிழமைக்கு ஒரு அங்குலம், ஒன்றிரண்டு தடவையில், விடிய வேளையில். ஒரு ரின்மீன் பேணியை வைத்து அளக்கலாம். புல்வெட்டும் மெசினை மூன்று அங்குலத்துக்கு உயர்த்திவிடுங்கள், வெட்ட வருபவர் முகம் சுழித்தாலும்.

மருந்து பற்றி ஒரு வரி: அழகுக்காகப் புல்லுக்கு இரசாயனம் அடிப்பது ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் 22 முதல் தடை. உங்கள் ஆள் எதை அடிக்கப் போகிறார் என்று பெயர் கேளுங்கள். பெயர் சொல்லாவிட்டால் கதவைச் சாத்துங்கள். செப்ரெம்பரில் உண்மையாகவே புழு கண்டால், அதைக் கொல்லும் நெமற்றோட் என்ற உயிருள்ள நுண்புழு இருக்கிறது. ஈர மண்ணில், பொழுதுபட்டபின், காலாவதியாகாத பொதி. அது சிஞ்ச் பூச்சிக்கான மருந்து அல்ல.

பின்வளவுக்குப் பெரெனியல் ரைகிராஸ் மட்டும் போடுங்கள். ஐந்து முதல் பத்து நாளில் முளைத்துவிடும், மிதியைத் தாங்கும். விம்பிள்டன் 2001 முதல் அதை மட்டும்தான் வைத்திருக்கிறது. ஆனால் அது கொத்தாக வளரும் புல், பக்கத்தில் படர்ந்து ஓட்டையை மூடாது. கோல் போஸ்ட் நிற்கிற இடத்தில் வருடத்துக்கு இரண்டுதரம் கைப்பிடி விதை தூவவேண்டி வரும். விதைத்த மூன்று கிழமைக்குப் பந்தை ஒளித்து வைப்பது உங்கள் பொறுப்பு.