கல்லூரியின் ‘நாக்’ தரம் போதுமா?

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகளை பி.ஆர்க். என்ற கட்டடக்கலைப் பட்டப்படிப்பில் சேர்க்க நினைக்கிறோம். நாங்கள் பார்த்த கல்லூரி ‘நாக்’ ஏ தரம் பெற்றது. ஆர்க்கிடெக்டாகப் பதிவு செய்ய அது போதுமா? பின்னாளில் அமெரிக்காவில் உள்ள தாய்மாமாவிடம் போனால் இந்தப் பட்டம் செல்லுமா?
– ஒரு தாய், கீழக்கரை

பதில்: போதாதம்மா. கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் தேசிய அமைப்பான ‘நாக்’ (NAAC) பார்ப்பது கல்லூரியின் ஒட்டுமொத்தத் தரத்தை. உங்கள் மகள் தன் பெயருக்கு முன்னால் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளும் உரிமையோ 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்திலிருந்து வருகிறது. அச்சட்டம் ஏற்ற பட்டம் இருந்தால்தான், அச்சட்டப்படி அமைந்த கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் பதிவு எண் தரும். கவுன்சில் கல்லூரிகளுக்கு ஆய்வாளர்களை அனுப்பி ஆசிரியர், பாடத்திட்டம், வசதிகளைப் பார்க்கிறது. குறை தீராவிட்டால் அங்கீகாரத்தையே மத்திய அரசு விலக்கிக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது. எனவே பணம் கட்டுவதற்கு முன், மகள் சேரும் கல்வியாண்டுக்கான கவுன்சில் ஒப்புதல் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்; கல்லூரியின் பெயரும் மாணவர் இடங்களின் எண்ணிக்கையும் கவுன்சிலின் இணையதளத்தில் உள்ளதோடு பொருந்த வேண்டும். அதே வளாகத்தில் நடக்கும் இன்டீரியர் டிசைன் பட்டம் இந்தப் பதிவுக்கு உதவாது.

பதிவில்லாமலும் வீட்டுக்குப் பிளான் போடலாமே என்று சிலர் சொல்வார்கள். சட்டத்தின் 37ஆம் பிரிவு ஆர்க்கிடெக்ட் என்ற பெயரைப் பயன்படுத்துவதைத்தான் தடுக்கிறது, வேலையை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொன்னது உண்மைதான். ஆனால் பதிவு பெற்றவர் தொழிலில் தவறினால் கவுன்சிலில் முறையிடலாம். மற்றவர்மேல் அந்த வழி இல்லை. ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபத்திலிருந்து தொண்டி வரை, உப்புக்காற்றில் சிலாப்பின் அடிப்பூச்சு பெயர்ந்து துருவேறிய கம்பி வெளியே தெரியும் வீடுகளைப் பார்த்துப் பார்த்து, பொறுப்புக் கேட்க ஓர் இடம் இருப்பது எவ்வளவு முக்கியம் என்று நான் உணர்ந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் உரிமம் தருவது அந்தந்த மாநில வாரியம். பெரும்பாலான வாரியங்கள் கேட்பது ‘நாப்’ (NAAB) என்னும் அந்நாட்டு அமைப்பு அங்கீகரித்த பட்டம், நம் பி.ஆர்க். அதில் சேராது. அதற்காகக் கதவு அடைபட்டுவிடவில்லை: ‘ஈசா’ (EESA) என்ற மதிப்பீட்டில் பாடம் பாடமாக ஒப்பிட்டு, குறைவதைப் படித்து நிரப்பச் சொல்வார்கள். அதோடு 3,740 மணி நேர அனுபவமும் ஆறு பகுதிகள் கொண்ட தேர்வும் உண்டு. அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது, ஒவ்வொரு பாடத்தின் விவரமும் வேண்டும். பத்து ஆண்டு கழித்துக் கல்லூரியில் தேடி அலையாமல், செமஸ்டர் முடிய முடியப் பாடத்திட்டத்தில் கல்லூரி முத்திரை வாங்கி ஒரு கோப்பில் வைக்கச் சொல்லுங்கள்.