செம்பாறை தேசத்துக்கு எஸ்யூவி வேண்டுமா?

கேள்வி: நாங்கள் டல்லாஸ் வாசிகள். அக்டோபரில் பிள்ளைகள் இருவரோடு லாஸ் வேகஸில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, அமெரிக்க மேற்கின் செம்பாறைப் பூங்காக்களான சயான், பிரைஸ், கேப்பிட்டல் ரீஃப், ஆர்ச்சஸ், மானுமென்ட் வேலி என்று 8 நாள் சுற்றப் போகிறோம். மானுமென்ட் வேலியின் மண் ரோட்டுக்காகப் பெரிய எஸ்யூவி எடுக்கலாமா? கவுன்ட்டரில் விற்கும் இன்சூரன்ஸை முழுசாக வாங்கிவிட்டால் பயமில்லைதானே? பார்க் பாஸ் வாங்கினால் லாபமா?

பதில்: முதலில் பாஸ், அது எளிது. காருக்கு சயானில் 35 டாலர், பிரைஸில் 35, ஆர்ச்சஸில் 30. மூன்றுக்கே 100 ஆகிவிடுகிறது. எல்லா தேசியப் பூங்காக்களுக்கும் செல்லும் வருடப் பாஸ் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80தான், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் அது மானுமென்ட் வேலியில் செல்லாது. அந்த நிலம் நவாஹோ பழங்குடி மக்களுடையது. 1958 முதல் அவர்களே பூங்காவாக நடத்துகிறார்கள். அங்கே தலைக்கு 8 டாலர் தனியாகக் கட்ட வேண்டும்.

இப்போது கார். எஸ்யூவி வேண்டாம் என்பேன். நீங்கள் சொன்ன ஐந்து இடங்களையும் இணைப்பது நல்ல தார் ரோடு. சாதாரண செடான் போதும். மானுமென்ட் வேலிக்குள் போகும் 17 மைல் சுற்று மட்டும்தான் மண்ணும் கல்லும் குழியுமாக இருக்கும். பெரிய வண்டி என்றால் அங்கே ஓடும். ஓட்ட அனுமதி உண்டா என்பது வேறு கேள்வி. பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் தார் போடாத ரோட்டில் ஓட்டுவதைத் தடை செய்கின்றன. எஸ்யூவிக்கும் அதே விதிதான். வண்டிச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் என்று கவுன்ட்டரில் தருவது உண்மையில் இன்சூரன்ஸே இல்லை. வண்டி அடிபட்டால் உங்களிடம் பணம் கேட்க மாட்டோம் என்ற வாக்குறுதி அது. ஒப்பந்தத்தை நீங்கள் மீறினால் அந்த வாக்குறுதியும் போச்சு. கிரெடிட் கார்டு தரும் பாதுகாப்பிலும் பல கார்டுகள் இதே விலக்கை வைத்திருக்கின்றன.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. அந்தச் சுற்றில் ஒரு கூர்க்கல் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. ஸ்டெப்னி மாற்றி, வண்டியைக் கழுவித்தான் திருப்பிக் கொடுத்தேன். வாங்கியவர் குனிந்து, சக்கரத்துக்கு மேல் வளைவின் உள்பக்கம் விரலை ஓட்டினார். விரலில் குங்குமம் மாதிரி செம்மண். ஒன்றும் பேசாமல் படம் எடுத்துக்கொண்டார். நாளுக்கு 30 டாலர் கட்டி வாங்கியிருந்த பாதுகாப்பு ஒரு பைசாவுக்கு உதவவில்லை. டயருக்கும், வண்டி ஓடாமல் நின்ற நாட்களுக்கும் சேர்த்து நான்தான் கட்டினேன்.

ஆகவே எஸ்யூவிக்கு வைத்திருக்கும் பணத்தில் நவாஹோ வழிகாட்டியின் ஜீப்பில் ஏறுங்கள். தனியார் வண்டிகளுக்கு அனுமதியில்லாத உட்பகுதிகளுக்கும் அவர்கள் கூட்டிப்போவார்கள், பணமும் அந்த மண்ணுக்கு உரியவர்கள் கைக்கே போகும். சுற்றே வேண்டாம் என்றாலும் குறையில்லை. கையுறை மாட்டிய இரண்டு கைகள் போல நிற்கும் பாறைகள் பார்வையாளர் மையத்து வாசலிலிருந்தே முழுசாகத் தெரியும். மாலை வெயில் சாயும்போது மேற்கிலிருந்து வெளிச்சம் நேராக அவற்றின் மேல் விழும். பாறையில் இருக்கும் இரும்புத் துரு அப்போது கனல் மாதிரி சிவக்கும். அதற்காக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அப்புறம், கேப்பிட்டல் ரீஃபிலிருந்து ஆர்ச்சஸ் போகும் வழியில் பெட்ரோல் பங்க் அபூர்வம், கேப்பிட்டல் ரீஃபுக்கு முன்பே வரும் டாரே ஊரிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். ஜீப் பயணத்துக்கு நேரம் குறிக்கும்போது எந்த ஊர் நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றாது, அதற்குள் இருக்கும் நவாஹோ நிலப்பகுதி மாற்றும். வேகஸோ வேறு நேர மண்டலம். அக்டோபரில் அங்கே 8 மணி என்றால் மானுமென்ட் வேலியில் 9. தாமதமாகப் போனால் ஜீப் காத்திருக்காது.