காட் மீன்: ஈரலும் சினையும் வலையும்

(காட் மீன் ஈரல் எண்ணெய் குறித்த கேள்வி ஒன்றுக்குச் சென்ற இதழில் சுருக்கமாகப் பதில் அளித்திருந்தோம். அதைத் தொடர்ந்து அந்த மீனைப் பற்றியே கடிதங்கள் பல வந்திருப்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியுள்ளோம்.)

கேள்வி: மத்தி மீனில் சதையிலேயே எண்ணெய் ஊறியிருக்கிறது. காட் மீனில் மட்டும் ஏன் ஈரலிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள்? மருந்துக் கடையில் விற்கும் மீன் எண்ணெய் மாத்திரைகள் எல்லாம் இந்த மீனிலிருந்து வருபவைதானா?
— வாசகி, நாகர்கோவில்

மத்தியும் கானாங்கெளுத்தியும் ஓயாமல் நீந்தும் மீன்கள். அவற்றின் கொழுப்பு சதையிலேயே பரவிக் கிடக்கும். காட் மீனின் வாழ்க்கை வேறு. அது வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த நீரில், பெரும்பாலும் கடலடியை ஒட்டி வாழ்ந்து, கீழ்த்தாடையில் தொங்கும் ஒற்றை மீசையால் தரையைத் துழாவி, நண்டு, இறால், சிறு மீன் என அகப்பட்டதையெல்லாம் விழுங்கும்; தன் இனத்துக் குஞ்சுகளையும் விட்டுவைப்பதில்லை. இரை மலிந்த காலத்தில் சேரும் கொழுப்பு ஈரலில் தங்குகிறது; அந்தச் சேமிப்பைக் கரைத்துத்தான் பின்னர் சினை முற்றுகிறது. நன்கு கொழுத்த மீனின் ஈரலில் பாதிக்கு மேல் எண்ணெயாகவே இருக்கும்; சதையிலோ நூற்றில் ஒரு பங்கு கொழுப்புகூட இராது.

சதையில் கொழுப்பு இல்லாததால்தான் இம்மீன் காறல் ஏறாமல் காய்கிறது. நார்வேயின் லொஃபோட்டன் தீவுகளில் தலையும் குடலும் நீக்கிய மீன்களை இரண்டிரண்டாக வாலில் கட்டி, மரச் சட்டங்களில் தொங்கவிட்டு, உப்பே சேர்க்காமல் பிப்ரவரி முதல் மே வரை கடற்காற்றில் உலர்த்துகிறார்கள். கட்டை போல் இறுகும் அந்தக் கருவாடு ஆண்டுக்கணக்கில் கெடாது. வைக்கிங்குகள் காலத்திலிருந்தே வணிகப் பொருளாக இருந்துவரும் சரக்கு இது. போர்த்துகீசியர் விரும்பி உண்ணும் பக்கல்யாவு, இதே மீனை உப்பிட்டு உலர்த்தியது.

வெயில் குறைந்த வட நாடுகளில் பிள்ளைகளின் கால் எலும்பு வளைந்துபோகும் ரிக்கெட்ஸ் நோய்க்கு ஈரல் எண்ணெயைக் கொடுப்பது பழைய வழக்கம். 1922-இல் அமெரிக்க வேதியியலர் எல்மர் மெக்கொல்லம், வைட்டமின் ஏ அழியும்வரை அந்த எண்ணெயைச் சூடாக்கிக் காற்றேற்றிய பிறகும் அது ரிக்கெட்ஸைக் குணப்படுத்துவதைக் காட்டினார். அதனால் அதில் வேறொரு சத்தும் இருப்பது உறுதியாயிற்று. அதற்கு வைட்டமின் டி என்று பெயரிட்டார்.

மாத்திரைகளைப் பொறுத்தவரை, உறையில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். ஒமேகா-3 என்று விற்பவற்றில் பெரும்பகுதி, பெரு நாட்டுக் கடலில் பிடிபடும் நெத்திலி இனத்தின் உடல் எண்ணெய்; அது ஈரல் எண்ணெய் அன்று. காட் ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ மிகுதி. கருவுற்ற பெண்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: ஒரு காட் மீன் லட்சக்கணக்கில் முட்டையிடும் என்கிறார்கள். அப்படியிருக்கக் கனடாவில் அந்த மீனே அற்றுப்போனதாகச் சொல்வது எப்படிப் பொருந்தும்?
— வாசகர், தூத்துக்குடி

உங்களுக்கு எழுந்த ஐயம் பெரிய அறிவியலாளர்களையே ஏமாற்றியிருக்கிறது. 1883-இல் லண்டனில் நடந்த மீன்வளக் கண்காட்சியில், காட் போன்ற மீன்வளங்கள் வற்றாதவை என்றும், மனிதர் பிடிப்பது அவற்றின் எண்ணிக்கையைப் பெரிதாகப் பாதிக்காது என்றும் தாமஸ் ஹக்ஸ்லி பேசினார். அன்றைய படகுகளையும் தூண்டில்களையும் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

ஐந்து கிலோ எடையுள்ள பெண் மீன் ஒரு பருவத்தில் ஏறத்தாழ 25 லட்சம் முட்டைகள் இடும். அந்த முட்டைகள் நீரில் மிதந்து சில வாரங்களில் பொரிக்கும். பொரித்த குஞ்சு, உடலோடு ஒட்டிய மஞ்சள் கரு தீருவதற்குள் மிகச் சிறிய மிதவை உயிரிகளைக் கண்டடைய வேண்டும், தவறினால் பட்டினிதான். ஆகவே முட்டைகளின் எண்ணிக்கை என்பது இழப்புக்கு ஈடு, உபரி அன்று. அதிலும் வயது முதிர்ந்த பெரிய தாய் மீன்களே எண்ணிக்கையில் கூடுதலாகவும் பருமனாகவும் முட்டையிடுகின்றன. நீண்ட காலம் விட்டுவிட்டு இடுவதால், ஏதோ ஒரு தொகுதியாவது இரை மலிந்த வாரத்தில் பொரித்துவிடும். வலை முதலில் அரித்தெடுத்ததும் அந்தத் தாய்களைத்தான்.

1954-இல் பிரிட்டன் கடலில் இறக்கிய ஃபேர்ட்ரை கப்பல், பிடித்த மீனை நடுக்கடலிலேயே துண்டு போட்டு உறைய வைத்தது. தொடர்ந்து சோவியத் ஒன்றியம், ஸ்பெயின் முதலிய நாடுகளின் இழுவைமடிக் கப்பல்கள் கனடாவின் கிழக்குக் கரையை ஒட்டிய நியூஃபவுண்ட்லாந்து கடலில் குவிந்து, குளிர்காலத்தில் முட்டையிட ஒன்றுசேரும் காட் மீன் திரளைக் கருவிகளால் கண்டறிந்து இரவும் பகலும் அள்ளின. 1968-இல் மட்டும் எட்டு லட்சம் டன்னுக்கு மேல் பிடிபட்டது. 1977-இல் கனடா தன் எல்லையை 200 கடல் மைலாக விரித்து அயல்நாட்டுக் கப்பல்களைக் கட்டுப்படுத்தியது. ஆனால் அந்த இடத்தைத் தன் சொந்தக் கப்பல்களைக் கொண்டு நிரப்பிக்கொண்டது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் உறுத்துவது. காட் மீன் எண்ணிக்கையில் குறையும்போது சிதறுவதில்லை. எஞ்சியவை நெருங்கித் திரள்கின்றன. திரளைத் தேடிச் செல்லும் கப்பலுக்கு மீன்பாடு குறைவதே தெரியாது. கப்பல்களின் பிடியைப் பெரிதும் நம்பிக் கணக்கிட்டவர்கள், வளம் பெருகுவதாகவே எண்ணி வந்தார்கள். 1980-களில் கரையோரச் சிறு மீனவர்கள், தங்கள் வலைக்கு வரும் மீன் சிறுத்தும் அருகியும் வருவதாக முறையிட்டதற்கு அப்போது உரிய மதிப்பு கிடைக்கவில்லை. 1992 ஜூலை 2 அன்று கனடாவின் மீன்வள அமைச்சர் ஜான் குரோஸ்பி அங்கே காட் மீன் பிடிக்கத் தடை அறிவித்தபோது ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தனர்.

இரண்டு ஆண்டுகளுக்கு என்று தொடங்கிய தடை 2024-இல்தான் முறைப்படி முடிந்தது. இடையில் சிறு அளவில் பிடிக்க மட்டும் இடமளிக்கப்பட்டது. 2024-இல் அனுமதித்த அளவு 18,000 டன். காட் மீனுக்கு இரையாகும் கேப்பலின் என்னும் சிறு மீன் 1990-களின் தொடக்கத்திலேயே சரிந்துவிட்டதால், தடைக்குப் பிறகும் வளம் எளிதில் தலையெடுக்கவில்லை. எஞ்சிய காட் மீன்களும் முன்பைவிட இளம் வயதில், சிறிய உருவிலேயே பருவமடையத் தொடங்கியிருந்தன. பெரிதாக வளர்வனவற்றையே வலை நீக்கிவந்தால், விரைவில் சினை கொள்பவற்றின் வழித்தோன்றல்களே மிஞ்சும்.

கேள்வி: கடல் நீரே உறையும் குளிரில் இந்த மீனின் இரத்தம் எப்படி உறையாமல் இருக்கிறது?
— மாணவி, கோயம்புத்தூர்

உப்பு மிகுந்த கடல் நீர் ஏறத்தாழ −1.9 டிகிரி செல்சியஸில் உறைகிறது. பெரும்பாலான மீன்களின் இரத்தமோ −0.7 டிகிரி அளவிலேயே உறையத் தொடங்கிவிடும். குளிர்காலத்தில் காட் மீன், சர்க்கரை மூலக்கூறுகள் இணைந்த ஒருவகைப் புரதத்தை இரத்தத்தில் சுரக்கிறது. நுண்ணிய பனிப்படிகம் தோன்றினால் அப்புரதம் அதன் மேல் ஒட்டிக்கொண்டு மேலும் வளர விடாமல் தடுக்கிறது. காட் மீனோடு நெருங்கிய உறவில்லாத அண்டார்டிக் மீன்களிடமும் இதையொத்த புரதம் உண்டு. இரண்டும் தனித்தனியே உருவானவை என்பது உறுதியாகியிருக்கிறது.

கேள்வி: எங்கள் மாமா 1980-களின் இறுதியில் வட நார்வேயில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். வெளிச்சம் எரியும் மேசையில் மீன் துண்டுகளை வைத்துப் பார்ப்பதே தன் வேலை என்பார். அது எந்த மீன்? ஏன் வெளிச்சம்?
— வாசகர், யாழ்ப்பாணம்

காட் மீனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அக்காலத்தில் ஈழத் தமிழர் பலர் ஃபின்மார்க் மாவட்டத்து ஆலைகளில் பணியாற்றினார்கள். அங்கே முதன்மைச் சரக்கு அதுவே. மேசையின் கண்ணாடிக்கு அடியில் விளக்கு எரியும். மெல்லிய வெள்ளைச் சதை வழியே ஒளி ஊடுருவும்போது, சதைக்குள் சுருண்டு கிடக்கும் உருளைப் புழுக்களும் எஞ்சிய முள்ளும் இரத்தக் கறையும் நிழலாகத் தெரியும். அவற்றைக் கத்தி முனையால் எடுத்துவிட்டுத்தான் துண்டைப் பொதிவார்கள். குளிரில் நின்றபடி மணிக்கணக்கில் செய்யும் இவ்வேலை தோளையும் மணிக்கட்டையும் வாட்டிவிடும்.

துண்டு போக மிஞ்சுவதும் காசாகும். உலர்த்திய தலைகள் நைஜீரியாவுக்குச் செல்கின்றன. அங்கே குழம்புக்கு அவை விருப்பமானவை. நாக்கை அறுத்து விற்பது லொஃபோட்டனில் பள்ளிப் பிள்ளைகள் கைச்செலவுக்குச் செய்யும் வேலை. ஐஸ்லாந்தில் தோலைப் பதப்படுத்தி ஆறாத புண்களின் மேல் ஒட்டும் மருத்துவப் பொருளாக்குகிறார்கள்.

நார்வேயும் ரஷ்யாவும் ஆண்டுதோறும் கூடிப் பேசி, பாரெண்ட்ஸ் கடலில் பிடிக்கத்தக்க அளவை வகுக்கின்றன. 2013-இல் பத்து லட்சம் டன்னாக இருந்த அந்த அளவு, வளம் குறைந்ததால் 2025-க்கு 3,40,000 டன்னாக இறக்கப்பட்டது. மாமா நின்ற மேசைக்கு இப்போது வரும் மீன் குறைவு. விலையோ மிக அதிகம்.