நாலு ஓட்டை சரியாக இருந்தால் போதுமா?

கேள்வி: 2019-இல் வாங்கிய மாருதி ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ வைத்திருக்கிறேன். 14 அங்குல இரும்பு ரிம், 165/80 ஆர்14 டயர். டயர்கள் தேய்ந்துவிட்டதால், மாற்றும்போதே அலாய் வீலும் போட்டுவிடலாம் என்று எண்ணம். கடைக்காரர், "16 இஞ்ச், நாலு ஓட்டை, நூறு பிசிடி, அப்படியே உட்காரும் சார்" என்கிறார். நண்பர் 17 போடச் சொல்கிறார். எதை நம்புவது? பழைய ஸ்டெப்னியை அப்படியே வைத்துக்கொள்ளலாமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: கடைக்காரர் பொய் சொல்லவில்லை. உட்காரத்தான் செய்யும். நாலு நட்டும் ஏறும், சக்கரமும் சுற்றும், கடை வாசலிலேயே படமும் எடுத்துக்கொள்ளலாம். தொந்தரவு வேறொரு நாளில் தொடங்கும். வீட்டில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு பழனிக்குக் கிளம்பினால், ஊர் எல்லை வேகத்தடையிலேயே பின்பக்கம் கர்ரென்று உரசும். இல்லையென்றால் நெடுஞ்சாலையில் 90-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கும். அலைன்மென்ட் பார்க்க என்னிடம் வரும் இந்த மாதிரி கார்கள் பெரும்பாலும் அங்குலத்திலும் பிசிடியிலும் சரியாகவே இருக்கும். வாங்கும்போது யாரும் கேட்காமல் விட்ட இரண்டு எண்களில்தான் கோளாறு: நடு ஓட்டையின் அளவு, ஆஃப்செட்.

பிசிடியை முதலில் முடித்துவிடுவோம். நட்டு ஏறும் மரையுள்ள தண்டுகளை ஸ்டட் என்பார்கள். அந்த ஸ்டட்டுகளின் மையங்களைத் தொட்டு ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டம்தான் பிசிடி. ஸ்விஃப்டுக்கு நாலு ஸ்டட், 100 மி.மீ. எதிரெதிர் ஸ்டட்டுகளை மையத்துக்கு மையம் அளந்தாலே தெரிந்துவிடும். ஐந்து ஸ்டட் கார் வைத்திருப்பவர்கள் பக்கத்துப் பக்கத்து ஸ்டட்டுகளின் இடைவெளியை 1.7-ஆல் பெருக்கிக்கொள்ளலாம். இதில் இருக்கும் பொறி, பழைய ஃபியட் கார்களின் 98 மி.மீ. ரிம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, இழுத்து முறுக்கினால் ஏறியும் விடும். ஆனால் நட்டு கோணலாக உட்காரும், ஓட ஓடத் தளரும். "ரெண்டு மில்லிமீட்டர்தானே சார்" என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு இறங்கிவிடுங்கள். ஓட்டையை அரத்தால் ராவிப் பெரிதாக்கித் தருகிறேன் என்பவரிடம் நின்று பேசவே வேண்டாம்.

அடுத்து நடு ஓட்டை. ஹப் என்பது காரில் சக்கரம் வந்து ஒட்டும் தட்டு. ஸ்விஃப்ட் ஹப்பின் நடுவில் புடைத்திருக்கும் வளையத்தின் விட்டம் 54.1 மி.மீ. கம்பெனி ரிம்மின் நடு ஓட்டையும் அதே அளவில்தான் இருக்கும், மாட்டியதும் கச்சிதமாகப் போய் அமரும். வெளிச்சந்தை அலாய் வீலைப் பல கார்களுக்கும் சேர்த்துச் செய்வதால் நடு ஓட்டையைப் பெரிதாகவே விட்டிருப்பார்கள். 67.1, 73.1 என்ற அளவுகள் சகஜம். 73.1 ஓட்டையை 54.1 ஹப்பில் மாட்டினால் சுற்றிலும் ஒன்பதரை மில்லிமீட்டர் வெற்றிடம். அதை அடைக்கத்தான் ஹப் ரிங் என்று ஒரு வளையம் விற்கிறார்கள். ரிம்மின் விலையோடு ஒப்பிட்டால் அது காசே இல்லை. அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

ஒருவர் புது அலாய் போட்ட ஒரே மாதத்தில் மூன்று முறை பேலன்சிங் செய்துவிட்டு என்னிடம் வந்தார். மெஷினில் ஏற்றினால் பூஜ்யம் காட்டுகிறது, ரோட்டில் ஓட்டினால் ஆடுகிறது. காரணம் எளிது. மெஷின் சக்கரத்தை அதன் நடு ஓட்டையில் கூம்பு வைத்துப் பிடிக்கிறது, அங்கே சக்கரம் நடுவில் நிற்கிறது. காரில் பிடிமானம் நட்டுகள் மட்டும்தான். கூம்பு முனை நட்டுகள் சக்கரத்தை ஓரளவு நடுப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் காரைத் தரையில் இறக்கிவிட்டு, ஏர் கன்னால் ஒரு நட்டை முழுசாக அடித்து இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால், சக்கரம் ஒரு பக்கம் ஒதுங்கிய நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். நாலு வளையம் வாங்கிப் போட்டேன், ஜாக்கியில் இருக்கும்போதே குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஆட்டம் நின்றுவிட்டது. வளையம் பிளாஸ்டிக்கிலும் வருகிறது, அலுமினியத்திலும் வருகிறது. பிரேக் சூடு படும் இடம் என்பதால் எனக்கு அலுமினியம்தான் பிடிக்கும். துளி கிரீஸ் தடவி மாட்டினால் ஒட்டிக்கொள்ளாது.

இனி ஆஃப்செட். உங்கள் கேள்விக்கான விடை உண்மையில் இங்கேதான் இருக்கிறது. ரிம்மின் பின்புறம் 'ஈடி 45' என்பது போல அச்சிட்டிருப்பார்கள். ரிம்மின் அகலத்துக்கு நட்டநடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஹப்பில் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதுதான் ஈடி. எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே துருத்தும். கூடினால் உள்ளே போகும்.

பழைய ரிம்மில் எண் தெரியவில்லையா? கழற்றிக் கவிழ்த்துப் போடுங்கள். பின் விளிம்பின் மேல் ஒரு நேரான கட்டையை வைத்து, கட்டையிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் வரை ஆழத்தை அளங்கள். 121 மி.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ரிம்மின் மொத்த அகலம், விளிம்புக்கு விளிம்பு, 152 என்றால் அதில் பாதி 76. 121-இல் 76 போனால் 45. அதுதான் உங்கள் ஈடி. டயரோடு சேர்த்து அளந்தால் கணக்கு தப்பும், டயர் இல்லாத ரிம்மில் அளப்பது நல்லது. இன்னொன்று: 5 அங்குல ரிம் என்று சொல்வது டயர் உட்காரும் இடத்தின் அகலத்தை. விளிம்போடு அளந்தால் ஏறக்குறைய ஒரு அங்குலம் கூடுதலாக வரும். மேலே 152 வந்தது அதனால்தான்.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உங்கள் ரிம் 5 அங்குல அகலம், ஈடி 45 என்று கொள்வோம். கடையில் காட்டுவது 7 அங்குல அகலம், ஈடி 38. அகலம் இரண்டு அங்குலம், அதாவது 51 மி.மீ. கூடுகிறது. அதில் பாதி, 25 சொச்சம், ஒவ்வொரு பக்கமும் போகும். ஈடி 7 குறைவதால் மொத்தமும் 7 மி.மீ. வெளியே நகரும். ஆக, வெளி விளிம்பு 32 மி.மீ. துருத்தும், உள் விளிம்பு 18 மி.மீ. ஸ்ட்ரட்டை, அதாவது உள்ளே நிற்கும் சஸ்பென்ஷன் தண்டை, நெருங்கும். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் இடம் குறைகிறது. அகலமான ரிம்மில் பலர் கோட்டை விடுவது இதைத்தான். அதே கடையில் 6 அங்குல அகலம், ஈடி 45 கிடைத்தால் இரு பக்கமும் 13 மி.மீ. கூடுவதோடு முடிந்துவிடும். கம்பெனி ஈடியிலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டருக்கு மேல் விலகாமல் இருந்தால் ஸ்டியரிங்கின் சுபாவமும் மாறாது, பேரிங்கும் பிழைக்கும் என்பது என் கைக்கணக்கு. ஈடி 20, 15 என்று ரிம்மைத் துருத்திக்கொண்டு போகிறவர்களின் ஸ்டியரிங் ஒவ்வொரு பள்ளத்திலும் கையைப் பிடுங்கும்.

ஈடி கூடிப்போனால் ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் போட்டுச் சரிசெய்யலாமே என்பார்கள். தட்டு மாதிரி இருக்கும் ஸ்பேசர் எத்தனை மில்லிமீட்டரோ, அத்தனை மில்லிமீட்டர் நட்டின் பிடிமானம் குறையும். ஸ்விஃப்ட் ஸ்டட் 12 மி.மீ. தடிமன், மரை இடைவெளி 1.25 மி.மீ. நட்டு குறைந்தது ஸ்டட்டின் தடிமன் அளவுக்காவது ஏற வேண்டும், அதாவது கையால் சுற்றினால் பத்துச் சுற்று. எண்ணிப் பாருங்கள். ஆறில் நின்றால் அந்த ரிம் உங்கள் காருக்கு இல்லை.

நட்டு என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹோண்டா சிட்டியிலிருந்து கழற்றிய பழைய அலாய் செட் மலிவாகக் கிடைக்கும். பிசிடி அதே 100, ஸ்விஃப்டுக்கும் மாட்டலாம் என்பார்கள். சிட்டியின் நடு ஓட்டை 56.1, ஆகவே சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் தொளதொளப்பு. அதைவிட முக்கியம், ஹோண்டா கம்பெனி ரிம்மில் நட்டு உட்காரும் குழி கிண்ணம் போல உருண்டை வடிவம். உங்கள் மாருதி நட்டின் முனை கூம்பு. கூம்பு கிண்ணத்தில் ஒரு கோட்டளவுதான் தொடும், முழுசாகப் பதியாது. சரி, ஹோண்டா நட்டையே வாங்கிக்கொள்ளலாம் என்றால் அதன் மரை இடைவெளி 1.5, உங்கள் ஸ்டட்டில் ஏறாது. ஏர் கன்னால் ஏற்றினால் ஸ்டட் நாசம். இந்த ஒரு ரிம்மில் இத்தனை வில்லங்கம்.

டயரின் உயரத்துக்கு வருவோம். உங்கள் 165/80 ஆர்14-இன் மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ. டயரின் அகலமான 165-இல் 80 சதவீதம் 132, அதுதான் டயர்ச் சுவரின் உயரம், அது மேலும் கீழுமாக இரண்டு முறை, கூட 14 அங்குலம். ஸ்விஃப்டின் மேல் ரகமான இசட்எக்ஸ்ஐ-க்குக் கம்பெனியே கொடுப்பது 185/65 ஆர்15. அது 621 சொச்சம். 195/55 ஆர்16-ம் 621. மூன்றும் ஒன்று போலத்தான். ஆனால் கையில் இருக்கிறது என்று 195/50 ஆர்16-ஐத் தலையில் கட்டினால் 601-க்கு இறங்கிவிடும். கார் ஒரு சென்டிமீட்டர் தாழும், ஸ்பீடோமீட்டர் இப்போது காட்டுவதை விட மூன்று சதவீதம் கூடுதலாகக் காட்டும். டயரின் எடை எண்ணையும் பாருங்கள், டயர் அளவை அடுத்து அச்சிட்டிருக்கும், ஒரு டயர் தாங்கும் எடையைக் குறிப்பது. 85 என்றால் 515 கிலோ, 87 என்றால் 545, 88 என்றால் 560. இப்போது இருப்பதற்குக் கீழே போகாதீர்கள். ரிம்மிலும் அது தாங்கும் எடை அச்சிட்டிருக்கும். இந்த அளவு காருக்கு 500 கிலோவோ அதற்கு மேலோ இருந்தால் நிம்மதி. எடையும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இல்லாத, வெறும் பளபளப்பு மட்டும் உள்ள ரிம்மை வாங்காதீர்கள்.

நண்பரின் 17-ஐப் பற்றி: 205/45 ஆர்17 போட்டால் விட்டம் 616, கணக்கில் பெரிய தப்பில்லை. ஆனால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே உள்ள டயர்ச் சுவர் 132-லிருந்து 92 மி.மீ. ஆகிவிடும். மழைக்காலத்தில் தண்ணீர் நிரம்பிய பள்ளத்தில் முதலில் அடி வாங்குவது ரிம்தான். அலாய் என்றாலே எடை குறைவு என்பதும் எப்போதும் உண்மை இல்லை. மலிவான பெரிய அலாய் உங்கள் 14 அங்குல இரும்பை விடக் கனமாகவே இருக்கலாம். கடைத் தராசில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அழகாக இருக்கும், மறுக்கவில்லை. என் காராக இருந்தால் போடமாட்டேன்.

நான் போடுவது 15. அகலம் ஐந்தரை அல்லது 6, கம்பெனி ஈடிக்குப் பக்கத்தில் ஒன்று, 185/65 டயர். இசட்எக்ஸ்ஐ வாங்கிய சிலர் கம்பெனி ரிம்மைக் கழற்றி விற்றுவிடுவார்கள். நெளிவோ வெல்டிங்கோ இல்லாத செட் கிடைத்தால் அதைவிட நல்ல சரக்கு இல்லை. ஹப் ரிங் வேண்டாம், கணக்கும் போட வேண்டாம், காப்பீட்டுக்காரரும் அளவைக் காட்டிக் கேள்வி கேட்கமாட்டார். வேறு அலாய் போட்டால் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரியப்படுத்தி, பாலிசியில் கூடுதல் பொருளாகச் (ஆக்சஸரி) சேர்த்துவிடுங்கள். 16 போட்டே தீர வேண்டும் என்றால் 195/55, 6 அங்குல அகலம், அதோடு நிறுத்துங்கள். பலேனோவின் மேல் ரகங்களில் இதே டயர் அளவுதான் வருகிறது, பஞ்சர் வெடிப்பு என்றால் எங்கும் கிடைக்கும்.

எதுவானாலும் எடுத்த எடுப்பிலேயே நாலையும் மாட்டவிடாதீர்கள். ஒரே ஒரு ரிம்மில் டயரைப் போட்டு முன்னால் மாட்டச் சொல்லுங்கள். ரிம்மின் கம்பிகள் பிரேக் காலிப்பரைத் தொடாமல் சுற்றுகிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். 16 அங்குலமாகவே இருந்தாலும் கம்பி உள்வளைந்த டிசைன் தொட்டுவிடும். காரைத் தரையில் இறக்கி ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பாருங்கள். டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே சுண்டு விரலாவது நுழைய வேண்டும். பிறகு அதே சக்கரத்தைப் பின்னால் மாட்டி, கடைப் பையன்களில் மூன்று பேரைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஒரு வேகத்தடை தாண்டிவிட்டு வாருங்கள். முகம் சுளிக்கும் கடையாக இருந்தால் பணத்தை மிச்சம் பிடித்துக்கொண்டு வந்துவிடுங்கள். எல்லாம் மாட்டி முடித்து 50, 100 கி.மீ. ஓடியதும், கார் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் ஒரு முறை நட்டுகளை இறுக்குங்கள். புது அலாய் கொஞ்சம் படிந்து கொடுக்கும்.

ஸ்டெப்னியை அப்படியே வைத்துக்கொள்ளலாம். நான் சொன்ன அளவுகளில் விட்டம் ஒன்றேதான் என்பதால் பஞ்சர் கடை வரை நிதானமாக ஓட்டிப் போகப் பழைய 14 அங்குலச் சக்கரம் போதும். ஆனால் பழைய நட்டுகளில் நாலைந்தை டிக்கியில் போட்டு வையுங்கள், அலாயோடு வரும் நட்டு இரும்பு ரிம்முக்கு ஒத்துவராமல் போகலாம். சில அலாய்களின் நட்டு ஓட்டை குறுகலாக இருப்பதால் ஒல்லியான நட்டும் அதைக் கழற்ற ஒரு தனிச் சாவியும் தருவார்கள். பில்லோடு சேர்த்து அந்தச் சாவியும் வீட்டு அலமாரிக்குப் போய்விடும். கார் வீல் ஸ்பானர் அந்த நட்டில் பிடிக்காது. சாவியை ஸ்டெப்னி இருக்கும் குழியிலேயே டேப் போட்டு ஒட்டி வையுங்கள்.